பறக்காத மணிகளும் பல்லேபொலக் காணியும்

பல்லேபொலவுக்கும் ஆகாயவிமானத்துக்கும் யாது தொடர்பு என்று வினவுவோர் இருக்கலாம். மாத்தளை மாவட்டத்தின் அப்பகுதியில் ஓடுபாதை இல்லை. விமானக் கொட்டகை இல்லை. மிளகுக் கொடியும் தென்னையும் வயலும், மழையை எதிர்பார்த்து வானத்தை அண்ணாந்து பார்க்கும் மக்களுமே உண்டு. "உங்கள் ஊரில் பெரிய விமான நிலையம் ஒன்று இருக்கிறதாமே" என்று கேட்கும் வெளிநாட்டு அன்பர்களுக்கு, 2013ஆம் ஆண்டில் அம்பாந்தோட்டைப் பக்கம் திறக்கப்பட்ட மத்தள வேறு, எங்கள் மாத்தளை வேறு என்று விளக்கி விளக்கியே நான் களைத்துப் போனேன். எங்கள் மாவட்டத்துக்கு வாய்த்தது சிகிரியாவில் உள்ள சிறிய ஓடுபாதை ஒன்றுதான். இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், பிரித்தானிய விமானப்படையின் 160ஆம் அணியினர் அங்கிருந்து தம் லிபரேற்றர் விமானங்களை இந்து சமுத்திரத்தின் மேற் செலுத்தினர். பின்பு அவ்வணி காங்கேசன்துறைக்குப் பெயர்ந்தது. அவ்வளவே எங்கள் விமான சரித்திரம்.

ஆயினும் இன்று பல்லேபொலவில் ஒரு மிளகுக் காணி ஈட்டில் இருக்கின்றது. விதைக்காகவோ உரத்துக்காகவோ அது ஈட்டுக்குப் போகவில்லை. ஒரு மகன் விமானியாக வேண்டும் என்பதற்காகப் போயிற்று. இந்த ஒன்றே, இப்பத்திரிகையை வாசிக்கும் கமக்காரரும் அப்புக்காத்துமாரும் வைத்தியர்களும் ஆசிரியர்களும் இவ்விடயத்தைச் சற்று நின்று நோக்கப் போதிய காரணமாகும்.

காணிக்காரர் என் நெடுநாளைய நண்பர். அவர் பெயரையோ, மகன் படித்த பயிற்சிக் கூடத்தின் பெயரையோ, அக்கூடம் எந்த நாட்டில் உள்ளது என்பதையோ இங்கு எழுதப் போவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தந்தையும் மகனுமாக என் வீட்டுக்கு வந்தனர். "ஐயா, நீங்கள் தோட்டத்தில் முப்பது வருடம் கணக்கெழுதியவர். இந்தப் புத்தகத்தைப் பார்த்து, என் காசுக்குச் சரியான கணக்கு இருக்கிறதா என்று சொல்லுங்கள்" என்று கூறி, கறுப்பு அட்டையிட்ட அகன்ற புத்தகம் ஒன்றை என் முன் வைத்தார் நண்பர். மகன் தலை குனிந்து அமர்ந்திருந்தான். அப்பொழுதே எனக்கு ஏதோ பட்டது.

விமானிகள் அப்புத்தகத்தை லொக்புக் என்பர். நாம் பறப்பு இடாப்பு எனலாம். தோட்டத்துச் செக்றோலைக் கண்டவனுக்கு அது புதிய பொருள் அன்று. நாளொன்றுக்கு, அல்லது பறப்பொன்றுக்கு, ஒரு வரி. திகதி, விமானத்தின் இனம், அதன் பதிவெழுத்து, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், புறப்பட்ட நேரம், நின்ற நேரம், ஆசிரியருடன் பறந்ததா தனியே பறந்ததா, பகலா இரவா, கருவிகளை மட்டும் நம்பிப் பறந்தது எவ்வளவு, தரையிறக்கம் எத்தனை என்று கட்டங்கள் வரிசையாக நிற்கும். விமானம் பறப்பதற்காக முதன்முதல் அசைந்த கணந்தொட்டு, பறப்பு முடிந்து அசைவற்று நின்ற கணம்வரை உள்ள நேரமே கணக்கில் ஏறும். பக்கத்தின் அடியிற் கூட்டுத்தொகை. அடுத்த பக்கத்தின் தலையில் அதே தொகை. பிழை நேர்ந்தால் சுரண்டி அழித்தல் ஆகாது. ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் ஒப்பமிட்டுத் திருத்த வேண்டும். எங்கள் பெரிய கிளாக்கர் எனக்குக் கற்பித்த முதற் பாடமும் அதுவே.

இத்துணை நுணுக்கம் எதற்கு? சட்டம் மனிதனை மணிக்கணக்கால் அளக்கின்றது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் வகுத்துள்ள அளவின்படி, தன் சொந்த மகிழ்ச்சிக்காகப் பறப்பவனுக்கே 40 மணி நேரம் வேண்டும். ஊதியத்துக்குப் பறப்பவனுக்கு 200. அங்கீகாரம் பெற்ற கூடத்தில் ஒழுங்கான பாடத்திட்டத்தின்படி கற்றால் 150. பெரிய பயணிகள் விமானத்தின் தலைமை விமானிக்குரிய பத்திரத்துக்கு 1,500. இந்த மணிகளுக்கெல்லாம் விமானி முன்வைக்கும் சான்று இப்புத்தகமே. மாத்தளை நகருக்கு வடக்கே, யாழ்ப்பாண நெடுஞ்சாலையோரத்தில் உள்ள அலுவிகாரையைப் பாருங்கள். வாய்மொழியாகவே காத்துவந்த திரிபிடகத்தை, பஞ்சமும் போரும் வந்த காலத்தில் மனனத்தை மட்டும் நம்பியிருத்தல் தகாது என்று உணர்ந்து பிக்குகள் ஏட்டில் எழுதியது அங்கேதான் என்பர். அது கிறித்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டு. தம் மறையையே நினைவுக்கு விட்டுவைக்க அவர்கள் துணியவில்லை. விமானியின் மணிகளை நாம் விட்டுவைக்கலாமா?

இனி அன்று நான் கண்டதைச் சொல்லுகின்றேன். முதல் எண்பது மணி வரை எழுத்துச் சீராக இருந்தது. ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை மணி. சில நாள் மழை. சில நாள் விமானம் பழுது. உண்மையான கணக்கின் இலட்சணம் அதுதான்: மேடும் பள்ளமுமாக இருக்கும். அதன்பின் ஒரு மாதத்தில் எல்லாம் மாறிவிட்டன. ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. ஒரு நாளில் மட்டும், ஒரே சிறு விமானத்தில், ஒன்பது மணி நேரம்! அவ்வினத்து இருவர் விமானம் மணிக்கு 20 லீற்றருக்கு மேற் குடிக்கும். அதன் தாங்கி கொள்வதோ 100 லீற்றருக்கும் சற்றுக் குறைவு. ஆகவே அன்று அது ஒரு தடவையாவது இடையில் இறங்கி எரிபொருள் நிரப்பியிருக்க வேண்டும். இடாப்பிலோ ஒரே தரையிறக்கம்.

"தம்பி, உன்னோடு படித்தவர்களின் புத்தகம் ஏதும் பார்க்கலாமா?" என்றேன். அவன் தன் கைபேசியில் இருந்த படம் ஒன்றைக் காட்டினான். அது தோழன் ஒருவனின் இடாப்புப் பக்கம். அதே திகதி, அதே பதிவெழுத்து, ஏறத்தாழ அதே நேரம். இருவரும் தனித்தனியே, தனியொருவராய், ஒரே விமானத்தைச் செலுத்தியிருக்கின்றனர். ஒரே மாடு ஒரே வேளையில் இரண்டு வயலில் உழுதது போலத்தான்.

பையன் ஒளிக்கவில்லை. முப்பத்தொரு மணி நேரம் பறக்காமலே எழுதப்பட்டது என்று ஒப்புக்கொண்டான். விமானம் பழுதாகி நின்றது. ஆசிரியர் ஒருவர் விலகிப் போனார். பணம் முன்னரே கட்டியாயிற்று. விசா முடியும் நாளும் நெருங்கியது. "எழுது, எல்லோரும் எழுதுகிறார்கள்" என்றார்களாம். இருபது வயதுப் பிள்ளை எழுதினான்.

தந்தை சிறிது நேரம் பேசாதிருந்தார். பின் மெல்லக் கேட்டார்: "ஐயா, இது யாருக்குத் தெரியப் போகிறது?"

அவரை நான் குறை கூறேன். காணியை ஈடு வைத்தவன் கேட்கக்கூடிய கேள்விதான் அது. அவர் மட்டும் கேட்பதுமன்று, உலகெங்கும் கேட்கின்றார்கள். விமானிகளிடையே ஒரு பழைய நகைச்சுவை உண்டு. போர்க்காலத்து அமெரிக்கப் போர்விமானத்துக்கு பீ-51 என்று பெயர். அக்காலத்தில் வெளிவந்த பேனா ஒன்றுக்கு பார்க்கர்-51 என்று பெயர். பறக்காமல் மையால் மட்டும் சேர்த்த மணிகளை 'பீ-51 மணி' என்று சொல்லிச் சிரிப்பர். இந்த நகைச்சுவையின் வயதைப் பார்த்தாலே நோயின் வயதும் தெரியும்.

இந்தியாவில் 2011ஆம் ஆண்டில் இந்நோய் வெளிப்பட்டது. பயணிகள் விமானங்களைச் செலுத்திய சிலர் போலி மதிப்பெண் பத்திரம் கொடுத்து உரிமம் பெற்றமை முதலில் தெரியவந்தது. அதைத் தொடர்ந்து இராசத்தானில் ஊழல் தடுப்புப் பிரிவினர் விசாரித்தபோது, பறக்காத மணிகளைப் பறந்ததாக எழுதிக்கொடுத்த விவகாரமும் கிளம்பிற்று. நாட்டின் விமானப் பயிற்சிக் கூடங்கள் அனைத்தையும் தணிக்கை செய்யும்படி மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் உத்தரவிட நேர்ந்தது. பாக்கித்தானின் கதை இதனினும் கசப்பானது. 2020 மே 22இல் கராச்சியில் விமானம் ஒன்று வீழ்ந்து, அதிலிருந்த 99 பேருள் 97 பேர் மாண்டனர். அடுத்த மாதம் அவ்விபத்தின் முதலறிக்கையைப் பாராளுமன்றத்தில் வைத்த அமைச்சர், நாட்டின் 860 விமானிகளுள் 262 பேருடைய உரிமங்கள் ஐயத்துக்குரியவை, பரீட்சையைப் பிறரைக் கொண்டு எழுதுவித்தனர் என்று கூறினார். அந்த விபத்து போலி உரிமத்தால் நேர்ந்தது என்று எவரும் நிறுவவில்லை. குற்றஞ்சாட்டப்பட்டோருட் பலர் பின்னர் விடுவிக்கப்பட்டனர். ஆயினும் அதற்குள் பிற நாடுகளில் வேலைபார்த்த நேர்மையான பாக்கித்தான் விமானிகளும் தரையில் நிறுத்தப்பட்டனர். அந்நாட்டின் தேசிய விமானசேவைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2020 யூலையில் விதித்த தடை 2024 நவம்பரிலேயே நீங்கிற்று. சிலர் செய்த மோசடி. சரிவரக் கண்காணியாத ஓர் அரசாங்கம். கூலி கொடுத்தது ஒரு தேசம் முழுவதும்.

ஆதலால், 'யாருக்குத் தெரியும்' என்ற கேள்விக்கு நான் நண்பரிடம் சொன்ன மறுமொழி இதுதான்: விமானத்துக்கென்று தனி இடாப்பு உண்டு, அதன் இயந்திரத்திலே மணி காட்டும் கருவி உண்டு, கட்டுப்பாட்டுக் கோபுரத்திற் குறிப்பு உண்டு, எரிபொருட் புத்தகம் உண்டு. கொழுந்து நிறுவையையும் செக்றோலையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் பொய்ப்பேர் தானே எழுந்து நிற்கும். இந்த நான்கையும் அவ்வாறு வைத்துப் பார்க்க ஒரு தோட்டக் கிளாக்கரே போதும். அப்படி எவரும் பாராது விட்டாலும், இன்னுமோர் இடத்திலே தெரியவரும். பக்கக் காற்று வீசும் ஒரு மழைநாள் மாலையில், நூற்றைம்பது பேரைப் பின்னே வைத்துக்கொண்டு இறங்கும் வேளையில், அந்த முப்பத்தொரு மணியும் அவன் கையில் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

இவ்விடத்தில், 'கறன்சி' என்ற சொல்லைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கறன்சி என்றால் பணத்தாள் என்றே நாம் அறிவோம். விமானிகள் வாயில் அதன் பொருள் வேறு: விட்டுப்போகாத அண்மைப் பழக்கம். உரிமம் கையில் இருந்தாற் போதாது. அதே இன விமானத்தில், கடந்த 90 நாட்களுள் மூன்று தடவையேனும் தன் கையால் மேலெழுப்பி இறக்கியிராத விமானியை விமானசேவை பணிக்கு அமர்த்தக் கூடாது என்பது சர்வதேச விதி. விமானத்தில் முடியாவிட்டால், அங்கீகரிக்கப்பட்ட பாவனைக் கருவியிலாவது செய்திருக்க வேண்டும். விமானசேவை விமானிகளுக்கு ஆண்டில் இரு தடவை திறமைச் சோதனையும் உண்டு. ஆயிரம் மணி பறந்தவனும் 91ஆம் நாள் புதியவன் போல வரிசையில் நிற்க வேண்டியவனே.

கடுமையான விதி என்று தோன்றலாம். தென்னை ஏறுபவரைக் கேட்டுப் பாருங்கள். மூன்று மாதம் காய்ச்சலிற் கிடந்து எழுந்தவர், முதல் நாளே உயர்ந்த மரத்தில் ஏறமாட்டார். மரம் ஏறும் வித்தை மறந்துபோவதில்லை. காலும் கையும் மரத்தோடு கொண்ட உறவு தளர்ந்திருக்கும். விமானத்தைத் தரையிறக்குவதும் கண்ணும் கையும் காலும் ஒருங்கே செய்யும் வேலை. மேகத்துட் புகுந்தாலோ நிலைமை இன்னும் கொடிது. அங்கே உட்காது பொய் சொல்லும். விமானம் சாய்ந்திருக்கையில் நேராக இருப்பதாகவே உடம்பு உணரும். உடம்பை நம்பாது கருவியை நம்பும் பழக்கம், விட்டால் முதலிற் போகும் பழக்கம். நமது மலைகளோ பிழை பொறுக்கும் மலைகள் அல்ல. 1974 திசெம்பர் 4இல் மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் டச்சு விமானம் ஒன்று மோதி, ஹஜ் யாத்திரிகர் உட்பட 191 பேர் மாண்டதை மலைநாட்டில் முதியோர் இன்றும் சொல்லுவர். அதன் காரணம் பழக்கக் குறைவு அன்று. தாம் இருந்த இடத்தைத் தவறாகக் கணித்தமையே. ஆயினும் கணிப்பில் ஒரு சிறு பிழை இம்மலைகளிடையே எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு அம்மலையே சாட்சி.

இவ்விதி தளரக் கூடாது என்பதே என் கட்சி. ஆனால் ஒரு நியாயமான முறைப்பாட்டை இங்கே மறைக்க மாட்டேன். மற்றக் கறன்சி உள்ளவனுக்கே இந்தக் கறன்சியும் கிடைக்கின்றது! வசதியுள்ள வீட்டுப் பிள்ளை உரிமம் பெற்றபின் மாதந்தோறும் விமானத்தை வாடகைக்கு எடுத்துப் பறந்து தன் பழக்கத்தைக் காத்துக்கொள்வான். காணியை ஈடு வைத்தவன் பிள்ளை உரிமத்தோடு ஊர் வந்து, வேலைக்கு மனுப் போட்டுவிட்டு மிளகு பறிப்பான். மூன்று மாதம் கழியும். ஆறு மாதம் கழியும். ஒவ்வொரு மாதமும் அவன் கற்ற வித்தையின் விலை இறங்கிக்கொண்டே இருக்கும். வட்டியோ ஏறிக்கொண்டே இருக்கும். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றில் உலகின் விமானங்கள் தரையில் நின்றபோது, பெரிய விமானசேவைகளின் விமானிகளுக்குச் சில நாடுகள் 90 நாள் எல்லையைச் சிறிது நீட்டின. விமானசேவைகள் தம் விமானிகளைப் பாவனைக் கருவியில் ஏற்றி இறக்கின. வேலை கிடைக்காத இளைஞனுக்கு எவர் கருவி கொடுப்பர்?

பொய்மணி விளைவதும் இந்த மண்ணில்தான் என்பதை அரசாங்கம் உணர வேண்டும். பயிற்சிக்குப் பணம் மொத்தமாக முன்னரே வாங்கப்படுகின்றது. மணிகள் பின்னர், கூடத்தின் வசதிப்படி தரப்படுகின்றன. கமக்காரன் நெல்லைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு அலைவது போல, இங்கே பணத்தைக் கொடுத்துவிட்டு மணிக்கு அலைகின்றான். பறந்த மணிக்கு மட்டும் பணம் என்று ஏன் விதிக்கக் கூடாது? விமானத்தின் இடாப்பையும் எரிபொருட் புத்தகத்தையும் மாணவனோ பெற்றோரோ கேட்ட மாத்திரத்தில் காட்ட வேண்டும் என்று ஏன் கட்டளையிடக் கூடாது? 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சிவில் விமானசேவைச் சட்டம் நம் நாட்டு அதிகாரசபைக்கு மேற்பார்வை அதிகாரம் தந்திருக்கின்றது. அந்த அதிகாரத்தை, மாணவன் பரீட்சைக்கு வந்து நிற்கும் நாளில் மட்டுமன்றி, அவன் பணம் கட்டும் நாளிலேயே காட்டுதல் வேண்டும். வெளிநாட்டிற் படித்து வருவோரின் மணிகளைப் பெயர்த்தெழுதும்போது, அந்நாட்டு விமானத்தின் இடாப்புப் பிரதியையும் கேட்டு ஒப்பு நோக்கலாம். இந்தியா மின்னணு இடாப்புக்கு மாறிவருகின்றது, நல்லதே. ஆனால் மின்னணுவிலும் பொய் எழுதலாம். ஒப்பு நோக்கும் கண் இல்லாவிடத்துக் கருவி என்ன செய்யும்?

மொழியைப் பற்றியும் ஒரு சொல். வானில் ஆங்கிலம் பேசட்டும். அதில் எனக்கு வழக்கில்லை. பல நாட்டு விமானிகள் ஒரே வானத்திற் பறக்கையில் ஒரு பொதுமொழி வேண்டும். ஆனால் பல்லேபொலவில் ஒரு தந்தை கையொப்பமிடும் உடன்படிக்கை ஏன் அவர் வாசிக்கவியலாத மொழியில் இருக்க வேண்டும்? 1987இல் 13ஆம் திருத்தத்தின் மூலம் தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுதியாயிற்று. இங்குள்ள கூடங்களும் வெளிநாட்டுக் கூடங்களின் முகவர்களும் தமிழ்ப் பெற்றோருடன் செய்யும் ஒப்பந்தத்தைத் தமிழிலும் தருதல் வேண்டும் என்று விதிப்பதற்கு என்ன தடை? என் நண்பர் ஒப்பமிட்ட தாளில், மணி குறைந்தால் பணம் திரும்பாது என்று ஒரு வரி இருந்தது. அதை அவருக்கு முதன்முதல் தமிழிற் சொன்னவன் நான்.

பறப்பு நமக்கு அந்நியமான தொழில் அன்று. 1935 நவம்பர் 27இல் இரத்மலானையில் முதன்முதல் வந்திறங்கிய விமானத்தைச் செலுத்தியவர் சென்னை விமானக் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர். 1947 திசெம்பர் 10இல் எயர் சிலோன் தொடங்கிய முதற் பயணம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கே சென்றது. நெடுங்காலம் மூடிக்கிடந்த அவ்வழி, 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டதும் மீண்டது. தொற்றுக்காலத்தில் மறுபடி அற்று, 2022 திசெம்பரில் மறுபடி தொடங்கியது. அவ்வழியில் நம் பிள்ளைகள் விமானியின் ஆசனத்தில் அமர்வதைக் காண ஆசைப்படாத தமிழ்த் தாய் தந்தையர் உண்டோ?

மலைநாட்டு மக்களுக்கு இவ்விடயத்தில் இன்னுமோர் உறுத்தல் உண்டு. நம் முன்னோரைப் பற்றிய இடாப்புகள் யாவும் பிறர் கையில் இருந்தன. செக்றோலில் முழுப்பேரா அரைப்பேரா என்று தீர்மானித்தது கணக்கப்பிள்ளையின் பென்சில். கடன் தீராதவன் வேறு தோட்டம் போகாதபடி கட்டிவைத்த துண்டு 1921இல் ஒழிந்தது. அதுவும் துரை எழுதிய தாள். 1948இல் குடியுரிமை பறிபோன பின், இந்நாட்டில் இடைவிடாது வாழ்ந்தோம் என்று நிறுவப் பத்திரம் தேடி அலைந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். விமானியின் இடாப்போ அவனே எழுதுவது. பேனா முதன்முறையாக நம் பிள்ளையின் கையில் இருக்கின்றது. அந்தப் பேனாவைப் பிடித்துப் பொய் எழுதுவிக்கும் கூடத்தின் மீது எனக்குள்ள கோபத்துக்கு இதுவே காரணம்.

அன்று மாலை பொழுது சாய்ந்த பின்னும் அவர்கள் போகவில்லை. மருமகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அது ஆறியே போயிற்று. முடிவைப் பையனே சொன்னான். என் மேசையில் அடிமட்டம் கேட்டு வாங்கி, அந்த மாதத்து வரிகள் ஒவ்வொன்றின் மீதும் ஒற்றைக் கோடு இழுத்தான், பக்கத்தில் ஒப்பமிட்டான், கூட்டுத்தொகையைப் புதிதாக எழுதினான். இருநூறு, நூற்றறுபத்தொன்பது ஆயிற்று. அதைக் கொண்டு விமானசேவை அதிகாரிகளிடம் உள்ளதை உள்ளபடி சொல்வதாயும் கூறினான். அதற்கு என்ன தண்டம் வரும் என்று நான் அறிவிக்க வேண்டியிருக்கவில்லை. அவன் அறிந்தே பேசினான்.

தந்தை கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் எத்தனை கிலோ மிளகு என்று அவர் மனத்திற் கணக்கு ஓடியிருக்கும். எழுந்து போகும்போது ஒன்று மட்டும் கேட்டார்: "பறக்காத மணிக்குக் கட்டின காசை அவர்கள் திருப்பித் தருவார்களா?"

விமானத்தின் இடாப்புப் பிரதியையும் அந்த மாதத்து எரிபொருட் கணக்கையும் கேட்டு, அவர் பெயரில் நானே பயிற்சிக் கூடத்துக்குப் பதிவுத் தபாலிற் கடிதம் எழுதினேன். நாற்பது நாளாகிறது. மறுமொழி வரவில்லை; இந்த வாரம் இரண்டாவது கடிதம் போகின்றது.